மாரியாயி பார்க்கர்

குன்னூர்
17 மே 1970

அன்புள்ள டக்ளஸுக்கு வேலுமணி எழுதுவது.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பெண் வீட்டாரிடம் காட்ட வேண்டும் என்று நீ கேட்டிருந்த ஆங்கிலக் கடிதம் இதில்லை. அதை நான் எழுதப் போவதும் இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டால், உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று நீ தேட வேண்டாம் அல்லவா? இதைத் தமிழில் எழுதுவது வேண்டுமென்றேதான். சீமைக்குப் போன ஒன்பது வருஷத்தில் மறந்திருந்தால் எழுத்துக் கூட்டிப் படி. எஸ்டேட் லைன் வீட்டுச் சுவரில் கரிக்கட்டையால் நாம் இருவரும் எழுதிப் பழகிய அதே எழுத்துதான்.

இங்கே சீசன். பழக் கண்காட்சி பார்க்கக் கீழேயிருந்து கார் காராக வருகிறார்கள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எனக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. குவார்ட்டர்ஸும் கொடுத்திருக்கிறார்கள். குடிபோன அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரர் சொந்த ஊர் எது என்று கேட்டார். தாராபுரம் பக்கம் என்றேன். அதில் எந்த ஊர் என்றார். சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் வீட்டு அம்மாள், நான் தண்ணீர் பிடித்துவிட்டு நகர்ந்ததும் குழாயைக் கழுவிவிட்டுத்தான் குடத்தை வைக்கிறார். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் மாரியாயி அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே ஜெஸிந்தா என்று ஒரு நர்ஸம்மா, நல்ல மனுஷி. அத்தையின் கைகளைப் பார்த்தவுடன் சோப்பும் பிரஷும் கொண்டுவந்து தேய்க்கத் தொடங்கிவிட்டார். அத்தை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "அது அழுக்கில்லீங்கம்மா, சீகைப் பட்டைக் கறைங்க. இன்னுந் தேச்சீங்கன்னா என்ற தோலுதான் வரும்" என்றார். வார்டே சிரித்தது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. பிரஷைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தோல் பதனிடுகிறவர்களுக்காகச் சீகை மரத்துப் பட்டை உரித்தே தேய்ந்த கை. பட்டைச் சாறும் கத்தி இரும்பும் சேர்ந்தால் மை போலக் கறுக்கும் என்பது உனக்கும் தெரியும். பட்டை உரிக்கும் மாதங்களில் அந்த ஈரம் கையில் காய்வதே இல்லை. நீ மிஷன் பள்ளிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பும்போது அத்தை உன்னை ஓடை தாண்டித் தூக்கிவிட்டது நினைவிருக்கிறதா? உள்ளங்கை இரண்டையும் வெளியே விரித்து வைத்துக்கொண்டு, முழங்கைகளால் மட்டும் உன்னை இடுக்கித் தூக்குவார். நண்டு பிள்ளையைத் தூக்குகிறது என்று நாங்களெல்லாம் கேலி செய்வோம். சட்டையில் கறை பட்டால் பள்ளியில் உனக்குத் தலைகுனிவு என்று அவருக்குப் பயம்.

இப்போது நீ கேட்டது. ஆகஸ்டில் கல்யாணம். நீ கட்டிக்கொள்ளப் போகிற ஹேசலின் அப்பா இந்தியாவில் பட்டாளத்தில் இருந்தவர். உன் நிறத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார். அதனால், நீலகிரி பார்க்கர் குடும்பம் தேயிலைத் தோட்டக்காரக் குடும்பம், தாயார் போர்ச்சுகீசிய வம்சம், இருவரும் காலமாகிவிட்டார்கள் என்று நான் நன்கு தெரிந்தவனாக எழுதித் தர வேண்டும். கல்யாணப் பதிவில் தகப்பன் பெயரையும் தொழிலையும்தான் கேட்பார்கள், தாயின் பெயரைக் கேட்பதே இல்லை, அதனால் சட்டப்படி பொய்யே இல்லை என்று வேறு எழுதியிருக்கிறாய். பெற்றவள் யாரென்று அங்கேயும் கேட்பதில்லையா? நல்ல நாடுதான் போ.

உன்மேல் வெறும் கோபம்தான் என்றால் ஒரு கார்டில் நாலு வரி எழுதி முடித்திருப்பேன். அங்கே நீ படுகிற பாடும் எனக்குத் தெரியும். லீட்ஸில் நீ அறை தேடிய கதையை எழுதியிருந்தாயே. போனில் பார்க்கர் என்றதும், வாருங்கள் மிஸ்டர் பார்க்கர், அறை காலியாக இருக்கிறது என்ற அதே அம்மாள், கதவைத் திறந்து உன் முகத்தைப் பார்த்ததும் இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்றாளாம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயரை உள்ளே விட்டு ஆளை வாசலில் நிறுத்துகிறார்கள். இங்கே எனக்குப் பெயரும் வாசலோடு சரி. நாம் இரண்டு பேரும் ஒரே குழாயடியில்தான் நிற்கிறோம், டக்ளஸ். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். டெலிபோன் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கர்கள். கசாப்புக்கடைக்காரன் பார்க்கர், பஸ் கண்டக்டர் பார்க்கர், பாதிரியார் பார்க்கர். அந்தப் பக்கங்களில் நீ யாரைத் தேடினாய் என்று எழுதவில்லை. உங்கள் இருவரையும் விட்டுவிட்டு நாற்பத்தேழில் கப்பல் ஏறிய உன் அப்பனை, நம் எஸ்டேட் துரையைத்தான் தேடியிருப்பாய். அவனும் கிடைத்திருக்க மாட்டான்.

துரை கப்பல் ஏறிய சங்கதி அத்தைக்குத் தெரியாது. துரை செத்துப்போனான் என்று எஸ்டேட் கிளார்க் சொன்னதை நம்பியவர். பார்க்கர் என்றால் உலகத்தில் அந்த ஒருவன், அவனுக்குப் பிறகு நீ, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவர். நீ போன புதிதில், "சீமையில எறங்கிப் பார்க்கரு ஊடு எதுன்னு கேட்டா யாருங் காட்ட மாட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

அதனால் நடந்த ஒரு காரியத்தை இதுவரை உனக்கு எழுதவில்லை. நீ போன சில வருஷத்துக்கெல்லாம், வெலிங்டன் பக்கத்துப் பழைய பட்டாளத்துக் கல்லறைத் தோட்டத்தில் புல் அறுக்கப் போன அத்தை, ஒரு கல்லில் உன் பெயரைப் பார்த்திருக்கிறார். படிக்கத் தெரியாதுதான். ஆனால் உன் பள்ளிக்கூடப் பெட்டியின் மூடியில் எழுதியிருந்த Barker என்ற ஆறு எழுத்தின் உருவமும் அவருக்கு மனப்பாடம். துரையை இங்கேதான் புதைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் போய்த் தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்து, காட்டுப் பூ நாலு பறித்து வைத்துவிட்டு வருவார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் படித்தேன். ஜார்ஜ் பார்க்கர் என்று ஒரு சாதாரணச் சிப்பாய். காய்ச்சலில் செத்தவன், வயது இருபத்தொன்று, வருஷம் 1893. அத்தை பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, அப்படியே சொல்லிவிட்டேன். அத்தை கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரே பேருல இத்தன பேரா கண்ணு?" என்றார். ஆமாம் அத்தை, அங்கே தெருவுக்கு ஒருத்தன் என்றேன். பிறகு எழுந்து, கையிலிருந்த பூவை அங்கேயே வைத்தார். "இருந்துட்டுப் போகுது. இந்தப் பையனுக்கும் அம்மான்னு ஒருத்தி எங்கியோ காத்துட்டு இருந்திருப்பா. அவளால வந்து பாக்க முடிஞ்சிருக்காதுல்ல" என்றார்.

அடுத்த ஞாயிறும் போனார். ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை போனார்.

அப்படி என்னதான் பெயர் இது, சிப்பாய்க்கும் இருக்கிறது துரைக்கும் இருக்கிறது என்று அப்போதே எனக்கு அரிப்பு. உன் கடிதம் வந்த பிறகு நூலகத்துக்குப் போய் அங்கிருந்த பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டினேன். பள்ளியில் உன்னைப் பார்த்து நாய் மாதிரிக் குரைப்பார்களே, அந்த அர்த்தமெல்லாம் இல்லை. ராஜா கொடுத்த பட்டப் பெயர் என்று நீ பதிலுக்குப் பீற்றிக்கொள்வாயே, அதுவும் இல்லை. பார்க்கர் என்றால் மரப்பட்டை உரிப்பவன். உரித்த பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிடுபவன். கொல்லனுக்கு ஸ்மித், தையற்காரனுக்கு டெய்லர் மாதிரி, பல நூறு வருஷத்துக்கு முந்தின தொழில் பெயர். அங்கே ஓக் மரம், இங்கே சீகை மரம், அவ்வளவுதான் வித்தியாசம். சில குடும்பங்களுக்கு ஆட்டிடையன் என்று அர்த்தமுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தும் வந்திருக்கலாமாம். ஹேசலின் அப்பாவுக்கு எது பிடிக்கிறதோ அதைச் சொல்லிக்கொள். இந்தப் பெயர் அதிகம் உள்ள இடங்களில் நீ இருக்கிற யார்க்‌ஷயரும் ஒன்றாம்.

அங்கேயும் தோல் பதனிடுகிறவனை நாற்றம் என்று ஊருக்கு வெளியே ஆற்றோரமாகத்தான் வைத்திருந்தார்களாம். ஆனால் காலப்போக்கில் தொழில் போய்விட்டது, நாற்றம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பாதிரியார் பார்க்கரைப் பார்த்து எந்தத் தெரு என்று ஒருவனும் கேட்பதில்லை. பட்டை உரித்தவன் பேரனுடைய பேரன் நம் மலைக்கு வந்து, குதிரையில் உட்கார்ந்து, பட்டை உரிக்கும் நம் அம்மாக்களை விரட்டினான். சொந்த ஊரில் எங்களுடையது தோல் வேலைக்காரர் தெரு என்றாலும், நான் இன்றைக்கு வரை ஒரு தோலைத் தொட்டதில்லை. நான் தொட்ட குழாயைக் கழுவுகிறார்கள். ஒரு பெயர் அர்த்தம் உதிர்ந்து வெறும் பெயராக மாற எங்களுக்கு இன்னும் எத்தனை நூறு வருஷம் வேண்டும்?

இதை அத்தையிடம் சொன்னேன். துரை பெயருக்குப் பட்டை உரிக்கிறவன் என்று அர்த்தம் அத்தை என்றேன். இருமல் வரும்வரை சிரித்தார். "அட போ கண்ணு! அந்தாளுக்கு ஒரு குச்சி ஒடிக்கத் தெரியாதே. அப்ப என்ற பேரத்தான் அவரு வெச்சுட்டுத் திரிஞ்சாரா? என்ற பேர எடுத்துட்டு, எனக்கே தானம் பண்ற மாதிரியில்ல மொகத்தத் திருப்பிக்கிட்டாரு!" என்றார்.

தானமாகக்கூடத் துரை கொடுக்கவில்லை, டக்ளஸ். உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் பெயரை எழுத மாட்டோம் என்றார்கள். எழுதினால்தான் எழுந்திருப்பேன் என்று அத்தை பள்ளி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து வாங்கிய பெயர் அது. உனக்கு அது தகப்பன் வழியில் வந்த பெயர் இல்லை. உன் அம்மா செய்த வேலைக்கும் அதுதான் பெயர், வாங்கித் தந்ததும் அவர்தான்.

உன் கடிதத்தை வழக்கம்போல அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டேன். "உங்கண்ணு கீழ ஓடுது, வாய் நிக்குதே, ஏங்கண்ணு?" என்று கேட்டார். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். அப்போது திரும்பாமலே சொன்னார்: "பொண்ணூட்டுல எதாச்சுங் கேப்பாங்க. நான் செத்துப்போயிட்டேன்னு அவன் சொன்னாலும் பரவால்ல. செத்தவ பேரு மாரியாயின்னு சொல்லச் சொல்லிப்போடு. பேரில்லாமச் சாவடிக்க வேண்டாம்னு எழுது."

எழுதிவிட்டேன்.

அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பனுக்குப் பயந்துதான் நீ கதை கட்டுகிறாய். அவளிடம் நீ கேட்டே பார்க்கவில்லை என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. கேட்டுப் பார். மாரியாயி என்று அவள் வாயால் ஒருதரம் சொல்லச் சொல். நாலே எழுத்து, அவர்கள் நாக்குக்கு வராத பெயரில்லை. சொல்லிவிட்டால் அவள் நம் வீட்டுப் பெண். முகம் சுளித்தால், கல்யாணத்துக்கு முன்பே தெரிந்ததே என்று சந்தோஷப்படு.

ஆனி பிறந்தால் மழை பிடித்துவிடும். மழையில்தான் சீகைப் பட்டை இழுத்த இழுப்புக்கு வரும், காட்டில் ஆட்கள் கூடுவார்கள். இந்த வருஷம் அத்தை போகப் போவதில்லை. கத்தியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். அவரை என் குவார்ட்டர்ஸிலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். குழாயடியில் என்ன நடந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. மழைக்கு முன் வந்துவிடு என்று மட்டும் எழுதுகிறேன்.

புறப்பட்டதும் தந்தி கொடு. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் வந்து நிற்பேன். உன்னைப் பார்த்ததும் அத்தை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார், இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ விடாதே. வரும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

கோபம் தீராத உன் நண்பன்,
வேலுமணி