என் வாரத்தில் மட்டும் நிற்கும் வண்டி

ஜூன் 3, 2003, செவ்வாய்

எண்ணூர் நெடுஞ்சாலையில் மறுபடியும் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் டேங்குக்குள் பம்பு முனகும். இன்று மூச்சே இல்லை. பின்னால் கண்டெய்னர் லாரிக்காரர்கள் என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள்.

துறைமுக ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் பிக்கப். எனக்கும் என் மனைவி செங்கொடியின் தம்பி தீனாவுக்கும் பங்கு. ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான், காசிமேட்டு மீனை எண்ணூர் கம்பெனி கேன்டீனுக்குக் கொண்டுபோகிறோம். அவன் வாரத்தில் ஒருநாளும் மக்கர் செய்யாத வண்டி, என் வாரத்தில் மட்டும் ஏன்?

ஜூன் 5

தண்டையார்பேட்டை, ரஷீது பாய் பட்டறை. அவர் சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட்! மானத்தை வாங்குகிற சனியன். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பம்பு ஒயரிலும் மறு முனையை வண்டி பாடியிலும் வைத்தார். எரிந்தது. “கரண்டு வருது பாரி. பம்பும் நல்லாத்தான் கீது.”

பிறகு யார் நல்லா இல்லை? நானா?

ஜூன் 8, ஞாயிறு

இன்று வண்டி தீனா கைக்குப் போகிறது. தினமும் கழுவுவதுபோல் மீன் ஏற்றும் பின்தொட்டியைத் தேய்த்துக் கழுவித்தான் கொடுத்தேன். லாரித் தண்ணீருக்குச் செங்கொடி குடத்தோடு நாயாய் நிற்கிறாள். அதில் ஒரு சொட்டு நான் தொட்டதில்லை. காசிமேட்டிலேயே கடல் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றிவிடுவேன். அந்தக் கலீஜ் பயல் கழுவவே மாட்டான். கேட்டால், “நாறுனா நாறட்டும் மாமா, ஓடுதில்ல?” என்கிறான். ரோட்டில் என்னை எங்கே பார்த்தாலும் நீளமாக ஹாரன் வேறு. பொறுக்கி.

ஜூன் 13

அவன் வாரம். வண்டி ஓடுகிறது.

ஜூன் 18

நின்றது. மீன் கெட்டது. இன்னொரு தடவை இப்படியானால் வேறு ஆள் என்று கேன்டீன் மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

தீனாதான். ஒயரில் ஏதோ செய்துவிட்டுத்தான் கொடுக்கிறான். கேன்டீனைத் தனியாக அமுக்கப் பார்க்கிறான். வேறென்ன?

ஜூன் 19

திருவொற்றியூரில் அவன் வீட்டு வாசலில் நின்றே கேட்டுவிட்டேன். தெருவே கேட்டது. கேட்கட்டுமே! “ஒயர்ல வெளையாடுற கைய ஒடிப்பேன்டா” என்றேன். அவன் கத்தவில்லை. அதுதான் எரிச்சல்.

“நா தொடல மாமா. இனிமே தொடவும் மாட்டேன். வண்டிய நீயே வெச்சிக்கோ.” அவனுடைய சாவி என் காலடியில் விழுந்தது.

செங்கொடி சோறு போட்டாள். குழம்பை நானே ஊற்றிக்கொண்டேன்.

ஜூன் 27

தீனா ஐஸ் பேக்டரியில் சேர்ந்துவிட்டானாம். இப்போது எல்லா வாரமும் என் வாரம்தான். அவன் கை படாத வண்டி இன்றும் நின்றது. நின்னுடுச்சி! இப்ப யார் கையை ஒடிப்பேன்?

ஜூன் 28

இந்த முறை பட்டறையிலும் பம்பு முனகவில்லை. ரஷீது பாய் விளக்கின் இரண்டு முனைகளையும் பம்புக்குப் போகும் இரண்டு ஒயர்களிலேயே வைத்தார். எரியவில்லை. “வர்ற கரண்டு வருது. திரும்பிப் போற எர்த்து ஒயருதான் வுட்டுக்கீது.”

அடியில் படுத்து, டேங்க் பக்கத்தில் அந்த ஒயர் முடுக்கியிருந்த போல்ட்டைக் காட்டினார். வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது.

“கடல் தண்ணில கயுவுறியா இன்னா? தொட்டி ஓட்ட வயியா இதும்மேலதான் வடியுது. ரெண்டு நாளு ஊத்தாம இருந்தா காஞ்சி, குலுங்கி ஒட்டிக்கும்.”

சுரண்டி முடுக்கினார். அவ்வளவுதான். அந்த மனுஷனையும் பிடிக்கவில்லை, கடலையும் பிடிக்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

ஜூலை 5

கழுவுவதை நிறுத்திவிட்டேன். வண்டி ஜோராக ஓடுகிறது. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. செங்கொடி மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னாய்யா இது?” என்றாள்.

“நாறுனா நாறட்டும், ஓடுதில்ல?” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, இது தீனா பேச்சு. அவள் என்னையே பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு குடம் லாரித் தண்ணீரை வண்டியோரம் டங்கென்று வைத்தாள். “கயுவு. கயுவிட்டு எந்தம்பி வூட்டாண்ட வுட்டுட்டு வா. தெருவே கேக்க திட்டுன இல்ல, தப்பு என்னுதுன்னு தெருவே கேக்க சொல்லிட்டு வா.”

கழுவினேன். அங்கே போய்க் கதவைக்கூடத் தட்டவில்லை. சாவியைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு நடந்தே வந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் தேரடி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். எங்கள் வண்டி வந்தது. தீனாதான் ஓட்டினான். அவனுடைய அந்த நீள ஹாரனுக்குக் கையைத் தூக்கத் தயாராக நின்றேன். என்னைப் பார்த்தான்.

ஹாரன் அடிக்கவில்லை.