நோகவில்லை என்கிற சியுலான்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
திங்கட்கிழமை

என் அன்பு மகள் லோஜினிக்கு,

உன்னையும் மருமகனையும் பேரன் ஜெறோமையும் மாதா தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய். அதனால்தான் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

புதன்கிழமை விமானத்தில் நான் கல்கரிக்கு வரவில்லை. டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றியாயிற்று. ஞாயிறு ஜெறோம் முதல் நன்மை வாங்கும் பூசைக்குக் கட்டாயம் கோயிலில் நிற்பேன். பலகாரம் சுடத்தான் நான் இருக்கமாட்டேன், இந்த முறை கடையில் வாங்கு.

காரணம் மேல்மாடிச் சியுலான். பிரெஞ்சு வகுப்பில் என்னோடு கடைசி வாங்கில் இருந்த சீனத்து மனுசி, உனக்கு ஞாபகம் இருக்கும். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. எங்கள் இருவரின் பிரெஞ்சையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஆள் கடைக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். தை மாதத்திலிருந்து அவளுக்குக் கடைவாய்ப் பல் பழுது. நான் கராம்பு கொடுத்தேன், அவள் ஏதோ பூவை அவித்துக் குடித்தாள். கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. சீனி வருத்தக்காரி வேறு. ஆள் பாதியாகிவிட்டாள்.

போன மாதம் ஒருவாறு பல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவளுடைய மகன் லொறி ஓட்டி அமெரிக்கா வரை போகிறவன், தொலைபேசியில் நின்று மொழிபெயர்த்தான். நோகிறதா என்று டொக்டர் கேட்டார். மகன் கேட்க, சியுலான் சிரித்த முகத்தோடு ஏதோ சொன்னாள். நோகவில்லையாம் என்றான் அவன். அப்படியானால் அவசரமில்லை, ஆவணியில் வந்து பிடுங்கலாம் என்று டொக்டர் அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழிலேயே ஏசினேன். அவள் லொறி ஓட்டுவதுபோல் கையைத் திருப்பிக் காட்டி, நெஞ்சைத் தொட்டாள். றோட்டில் நிற்கிற பிள்ளையைப் பயப்படுத்தக் கூடாதாம்.

போன வெள்ளிக்கிழமை அவளுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. அவளையும் இழுத்துக்கொண்டு பல் டொக்டரிடம் போய், நேரம் தரும்வரை எழும்ப மாட்டேன் என்று அங்கே கதிரையில் இருந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் முடிந்துபோயிற்று. கடைசியில் வீக்கத்துக்கு மருந்து தந்து, இந்த வெள்ளிக்கிழமை பிடுங்குவதாகச் சொன்னார்கள். அதைத் தவறவிட்டால், அவளுடைய சீனி வருத்தத்துக்கு அந்தச் சீழ் எங்கே கொண்டுபோய் விடுமோ தெரியாது. இந்த முறை மகன் வேண்டாம், அவளுடைய பாஷை தெரிந்த வேறொரு பெண் வேண்டும் என்று கேட்டேன். ஒழுங்கு செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணிடமும் இவள் சிரித்துக்கொண்டு நோகவில்லை என்பாள். டொக்டருக்கு முன்னால் முறைப்பாடு சொல்வது மரியாதையில்லை என்று வளர்ந்தவள், எங்களைப் போலத்தான். நான் பக்கத்தில் நிற்கவேண்டும். நிற்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவளுக்குப் பிறகு பல் பிடுங்குகிற கதிரையில் ஏறப்போவது நான். நத்தார்ப் பண்டிகையிலிருந்து என்னுடைய கீழ்ப்பல் இரண்டு ஆடுகிறது. பல்லடி முரசும் வீங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் பொக்கை வாயோடுதான் நிற்பேன். ஜெறோம் சிரிக்கட்டும், அவனுக்கும் முன்பல் விழுந்துதானே கிடக்கிறது.

உனக்கு ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பாய். ஒவ்வொரு முறையும் தொலைபேசி எடுத்து, சுகமா அம்மா என்கிறாய். நான் சுகம் என்கிறேன். நீ வேலைக்குப் போய்விடுகிறாய். இனி அப்படிக் கேட்காதே மகள். இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், மென்று சாப்பிட்டீர்களா என்று கேள். அதற்கு எனக்குப் பொய் சொல்ல வராது.

ஆண்டவருக்குள் உன்னை நினைத்தபடி,
உன் அம்மா
அருளம்மா