ஆடி வரைக்கும் கிளறாதீர்கள்

கீழப்பழுவூர்
12.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் நின்று கேட்கிறார்கள், அதனால்தான் கடிதம். கரு கலைந்த உடம்பை ஆறு மாதம் சும்மா விடச் சொன்னார் டாக்டரம்மா. அம்மா வீட்டில்தான் அது முடிகிறது.

செங்காந்தள் கிழங்கைக் காய்ந்த மணலில் புதைத்துப் அங்கே நம் வீட்டுப் பின்கட்டு அறையில் வைத்திருக்கிறேன். கொடி காய்ந்தபின் அது உறங்கும். ஆடி வரைக்கும் தண்ணீர் காட்டாதீர்கள், கிளறாதீர்கள். அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி
பிரவீணா

குரும்பலூர்
28.4.2024

அன்புள்ள பிரவீணாவுக்கு,

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. நான் வைத்த ரசத்தை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. கிழங்குக்கு உயிர் இருக்கிறதா என்று தினமும் எடுத்துப் பார்க்கிறேன். ஓர் அசைவும் இல்லை. சிலவற்றுக்கு முனை ஒடிந்தது, பெரிதாக ஒன்றுமில்லை.

"தலைக்குக் குளிச்சிட்டாளான்னு கேளுடா, குளிச்சிட்டா அழைச்சிக்கிட்டு வந்துடலாம்" என்கிறாள் அம்மா. குளித்தாயா?

அன்புடன்
ரஞ்சித்குமார்

கீழப்பழுவூர்
3.5.2024

மாமாவுக்கு,

படித்ததும் அருவருப்பாக இருந்தது. நான்கு வருடமாக மாதாமாதம் நான் துணி துவைக்கும்போது அத்தை கல்லருகே வந்து நின்று பார்ப்பார்கள். பொறுத்துக்கொண்டேன். இப்போது நீங்களும் கேட்கிறீர்கள்.

அந்தக் கிழங்குக்கு முனையில்தான் முளை. ஒடிந்தால் அவ்வளவுதான். விஷக் கிழங்கு, கையை நன்றாகக் கழுவுங்கள். கோபம் ஆறியதும் வருகிறேன். கிழங்கை விட்டுவிடுங்கள்.

பிரவீணா

குரும்பலூர்
21.5.2024

அன்புள்ள பிரவீணாவுக்கு,

திட்டாதே. "இந்தப் பொடியில ஊற வைங்க சார், சீக்கிரம் முளைச்சிடும்" என்றார் உரக்கடைக்காரர். ஊறவைத்து ஈர மணலில் போட்டேன். இப்போது அறையைத் திறந்தால் நாற்றம் தெருவரை வருகிறது. எல்லாம் கொழகொழவென்று அழுகி, புழு நெளிகிறது. அம்மா வாந்தியே எடுத்துவிட்டாள். வாரிக் குப்பையில் கொட்டினேன். ஒரு கூடை மட்டும் ஊறவைக்காமல் மிச்சம்.

அது போகட்டும். பாடாலூர் வைத்தியரிடம் உனக்கு லேகியம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். கருப்பை சீக்கிரம் தயாராகிவிடுமாம், ஆறு மாதமெல்லாம் வேண்டாமாம். ஆனியில் வந்து அழைத்துப் போகிறேன்.

ஆசையுடன்
ரஞ்சித்குமார்

கீழப்பழுவூர்
26.5.2024

ரஞ்சித்குமார் அவர்களுக்கு,

லேகியத்தை மூடி திறக்காமல் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் அம்மாவுக்கு நாற்றத்தில் வந்த வாந்தி எனக்குக் கடிதத்தைப் படித்தே வந்தது. கிழங்கு போனதற்கு நான் அழவில்லை. உங்கள் கை இனி என்மேல் படுவதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இந்தக் கடிதத்தோடு அசோக் அண்ணன் வருவார். மிச்சமிருக்கும் கூடையைக் கொடுத்தனுப்புங்கள். ஆடி வந்ததும் அதை எங்கள் கொல்லையில் நடப்போகிறேன். ஆனியில் நீங்கள் வர வேண்டாம். அதன் பிறகும் வேண்டாம்.

பூத்ததா என்று கேட்டு எழுதாதீர்கள்.

இப்படிக்கு
தங்கராசு மகள் பிரவீணா