ஆட்சேபனை சொல்லப் போகும் ரயில்

கே.ஜி.கண்டிகை
14.9.2025

சௌமியா நைனாவுக்குக் கன்னியம்மாள் எழுதுவது. இங்கே நானும் எருமையும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் "ஆங், இருக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் கேட்டால் ஓடிப்போக முடியாதல்லவா, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பரணிதரன் மறுபடியும் ஜெயிலிலிருந்து மனு போட்டிருக்கிறான். அந்தப் பெயரை எழுதவே கை கூசுகிறது. நாம் கட்டிக்கொடுத்த பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனுக்கு இப்போது பரோல் லீவு போதவில்லையாம். ஆயுள் தண்டனையில் இருந்தவரைக்கும் போதும், ஒரேயடியாக விட்டுவிடுங்கள் என்று கேட்கிறான்.

நன்னடத்தை அலுவலர் மனோரமா நேரிலேயே வந்தது. சின்னப் பெண்தான். "பொண்ணைப் பெத்தவங்க நீங்க இன்னா சொல்றீங்கன்னு கேக்காம மேல அனுப்ப முடியாதும்மா. ஆட்சேபனை இருக்குதுன்னாலும் சொல்லலாம், இல்லன்னாலும் சொல்லலாம்" என்றது. "எங்க வூட்டுக்காரரும் நானும் சேர்ந்து வந்துதாம்மா சொல்லுவோம், எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினேன். அக்டோபர் ஆறாம் தேதி திருவள்ளூர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறது.

எப்போதும் போல் காலை வண்டியில் திருத்தணியில் ஏறி, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு வருகிறேன். மணவூரில் வண்டி நின்றதும் ஜன்னலில் கையை நீட்டுவேன். போன தடவை வேறு பெட்டியில் ஏறித் திருவள்ளூர் வரை என்னைத் தேடினீர்களே, அந்தக் கூத்து வேண்டாம். நம் கொல்லையில் விளைந்த வேர்க்கடலையை அவித்து எடுத்து வருகிறேன். பிடுங்க ஆள் கிடைக்காமல் நானே பிடுங்கினேன் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கன்னியம்மாள்


மணவூர்
20.9.2025

அன்புள்ள கன்னிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே சைக்கிள் ஸ்டாண்டு ஓடுகிறது. எல்லாம் பைக்குதான், பெயர் மட்டும் சைக்கிள் ஸ்டாண்டு. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

இந்தத் தடவை நான் வரவில்லை. கோபப்படாதே. அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளை எப்படிக் கிடந்தாள் என்று மறுபடியும் சொல்ல என்னால் ஆகாது. அவன் உள்ளே இருந்தால் என்ன, வெளியே வந்தால் என்ன, அவள் வரப்போகிறாளா? ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உன்மேல் கோபப்பட்டு நான் வீட்டை விட்டு வரவில்லை, அது உனக்கே தெரியும். அந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் "நைனா" என்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. தீர்ப்பு வந்த கையோடு, நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் இங்கேயே தங்கிவிட்டேன். நீயோ அதே குரலுக்காக அந்த வீட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறாய். யார் யாரைக் குறை சொல்ல?

தனியாகப் போய் உனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு,
வேதாசலம்


கே.ஜி.கண்டிகை
26.9.2025

சௌமியா நைனாவுக்கு,

ரொம்ப நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்! பெத்தது ரெண்டு பேரு, பேசுறது ஒருத்தியா? உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். மனசு வராமல் அரிசிப் பானை மேல் வைத்திருக்கிறேன்.

கோபம் ஆறிய பிறகு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அந்த ஆபீசிலிருந்து காகிதம் வந்தால் எனக்கு முதலில் வருவது சந்தோஷம். எந்தப் புடவை கட்டலாம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. பிள்ளைக்காக அழுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவன் மனு போட்டால்தானே உங்களைப் பார்க்கிறேன்?

ஒவ்வொரு தடவையும் ஆட்சேபனை உண்டு என்றேனே, அது சௌமியாவுக்காகச் சொன்னதா? அவன் உள்ளேயே இருந்து மறுபடி மனு போட்டால் மறுபடி உங்கள் பக்கத்தில் உட்காரலாம் என்று சொன்னதா? அவன் செய்தது மகாபாவம்தான். ஆனாலும் என் ஆசைக்காக ஒருத்தனைப் பூட்டி வைத்திருந்தால் நான் எந்த முகத்தோடு மலை ஏறி முருகனைக் கும்பிடுவேன்? சரி, ஆட்சேபனை வேண்டாம் என்று விட்டுவிட்டால், அப்புறம் எந்தக் காகிதம் நம்மைக் கூப்பிடும்?

வாங்க. ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

கன்னியம்மாள்


மணவூர்
1.10.2025

கன்னிக்கு,

நீ மட்டும்தான் அப்படி என்று நினைத்தாயா? தேதி தெரிந்துவிட்டால் நான் முடி வெட்டிக்கொள்வேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுப்பேன். "இன்னா பெரியவரே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று இஸ்திரிக் கடை துளசிங்கம் கிண்டல் பண்ணுவான். பொண்டாட்டியைப் பாக்கப் போறேன்டா என்று வாய்வரைக்கும் வரும்.

அதனால்தான் சொல்கிறேன், நான் ஏறமாட்டேன். பக்கத்தில் நான் உட்கார்ந்தால் நீ கேட்ட கேள்விக்கு உனக்குப் பதில் கிடைக்காது. எதற்காகச் சொன்னோம், எதற்காகச் சொன்னோம் என்று சாகிறவரை அரித்துக்கொண்டே இருக்கும். நான் இல்லாதபோது உன் வாயில் எது வருகிறதோ அதுதான் என் பேச்சும். மனோரமாவுக்கும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

வேர்க்கடலையை வீணாக்காதே. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடு.

வேதாசலம்


கே.ஜி.கண்டிகை
7.10.2025

சௌமியா நைனாவுக்கு,

நேற்று உங்களைப் பார்த்தேன். ஏறமாட்டேன் என்றவர் இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் எதற்கு நின்றீர்கள்? நான் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். நீங்களும் ஒரு அடி எடுத்து வைத்தீர்கள், பிறகு நின்றுவிட்டீர்கள். வண்டி கிளம்பிவிட்டது. பையைப் பார்த்து ஒரு அம்மா, "ஆள் வர்றாங்களா?" என்று கேட்டாள். "ஆங், வருவாரு" என்றேன்.

ஆபீசில், அவன் மனுவைப் படித்துக் காட்டச் சொன்னேன். மனோரமா நிதானமாகப் படித்தது. அவன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உள்ளே தையல் கற்றுக்கொண்டான், யாரிடமும் வம்புக்குப் போவதில்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். நம்ம பிள்ளை பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. "அந்தச் சம்பவம்" என்று எழுதியிருக்கிறான்.

"ஆட்சேபனை உண்டும்மா, எழுதிக்கோ" என்றேன். "சம்பவம் இல்ல அது, எங்க சௌமியா. அவ பேரைச் சொல்லி, செஞ்சதைச் சொல்லி மனு போடட்டும். அன்னைக்கு நானும் யோசிக்கிறேன்." அப்படியே எழுதிப் படித்துக் காட்டியது. கையெழுத்துப் போட்டேன். மேலே இருப்பவர்கள் என்ன முடிவு செய்வார்களோ, அது நம் கையில் இல்லை.

நீங்கள் பக்கத்தில் இல்லை, அப்போதும் அதேதான் வாயில் வந்தது. அவளுக்காகத்தான் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அழுதுகொண்டே அவ்வளவு வேர்க்கடலையையும் நானே தின்றுவிட்டேன், உங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

இனிமேல் உங்களைப் பார்ப்பது தனி விஷயம். அதற்கு அவன் மனுவும் வேண்டாம், சர்க்கார் காகிதமும் வேண்டாம். வீட்டில் அந்தக் குரல் இன்னமும் கேட்கத்தான் கேட்கிறது. ஆனால் அவள் கூப்பிடுவது உங்களை. நான் ஒருத்தி இருந்து அதற்கு எப்படிப் பதில் சொல்வேன்?

சட்டையைக் கசக்கிவிடாதீர்கள். நேற்று நீங்கள் நின்ற இடத்தில் சென்னைப் பக்கம் போகிற வண்டிதான் வரும். திருத்தணி வண்டிக்கு எதிர்ப் பக்கம் நிற்க வேண்டும்.

உங்கள்
கன்னி