அப்பாவின் வசனம்

என் கண்ணு,

அப்பா மறுபடி பேசுவாரா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை.

பக்கவாதம் வந்த பிறகு இந்த மூன்று வருடமும் காலையில் பைபிளில் ஒரு சங்கீதத்தை நாங்கள் முன்போலவே ஆளுக்கொரு வசனமாக மாற்றி மாற்றித்தான் வாசிக்கிறோம். என் வசனத்தை வாசிப்பேன். அவருடைய வசனத்துக்கு, அது முடியும் நேரம்வரை மௌனமாக இருப்பேன். அவருக்குப் புரிகிறதா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா, "ஏம்மா, அதையும் நீயே படிச்சிட்டா கர்த்தர் கோச்சுக்குவாரா?" என்று சிரிப்பார். நான் செய்வது விசுவாசமா, பிடிவாதமா என்று எனக்கே சந்தேகம்தான்.

இன்று எனக்குக் கல்லூரி வேலைக்கு நேரமாகிவிட்டதால் அவர் வசனத்தையும் சேர்த்து வாசித்துவிட்டேன். அப்பா சட்டென்று பக்கத்தைக் கையால் மறைத்தார். முகத்தில் அந்தப் பழைய கோபம்.

"சாரிங்க, உங்க முறைதான்" என்றேன். கையை எடுத்தார்.

இத்தனை நாளும் அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! மர்பி டவுன் பஸ் நிறுத்தம்வரை நன்றி சொல்லிக்கொண்டே நடந்தேன். யாருக்கு என்று கேலி செய்யாதே. கர்த்தருக்குத்தான்.

மறுநாள் காலை எழுதுவது: இன்று என் வசனம் முடிந்ததும் நிறுத்தினேன். அப்பா பேசவில்லை. தன் வசனம் முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அடுத்ததை வாசித்தேன்.

அம்மா