நீ தூங்கியபோது வந்த அழைப்பு

அக்கா,

கதவிடுக்கில் இதைத் தள்ளுகிறேன். படித்து முடிக்கும்வரை கையில் செருப்பு எதுவும் வேண்டாம். உனக்கு விசா வருமுன்னே எனக்கு விசாரணை வந்துவிட்டது.

காலையில் நீ தூங்கும்போது உன் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஸ்கேமர் என்று நினைத்து எடுத்தேன். அவர்களைச் சுத்தவிடுவதில் நம் பாயா ரும்புட் ஊரிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை.

"தம்பி, ஷாமினி வீட்டுல இருந்துதான் வேலை செய்றாங்களா?"

"வேலையா? பகலெல்லாம் தூங்குறாங்க லா, மேடம்!"

ராத்திரி முழுக்க நீ லண்டன் கம்பெனிக்கு வேலை பார்ப்பதைச் சொல்லவில்லை.

"விளையாடாதீங்க தம்பி. விசா ஏஜென்சியில இருந்து பேசுறேன், வேலை இருந்தாத்தான் அவங்களுக்கு ஸ்பெயின் விசா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "போன மாசமே வேலைய விட்டுட்டாங்க," என்றேன்.

ஏன் என்று கேட்காதே. உன் பெட்டி மூன்று நாளாக ஹாலில் திறந்து கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன்.

அந்த எண் உன் போனில் இருக்கிறது. ஐந்து மணிக்கு ஆபீஸை மூடுமுன் கூப்பிடு. நான் பொய் சொன்னதை நானே சொல்கிறேன். நம்புவார்கள் இல்லையா, அக்கா? சிரிக்காமல் பேசுவேன். காலையிலிருந்தே சிரிப்பு வரவில்லை.

கதவுக்கு வெளியே நிற்கும்,
உன் தம்பி