சாரா எந்த வீட்டில் தூங்குகிறாள்

ராயபுரம்
3 ஜூன் 2024

என் அன்பு யசோ,

நலமா? இங்கே நான் நலம், முட்டிதான் நலமில்லை. வாட்ஸ்அப்பில் நான் பக்கம் பக்கமாகக் கொட்டினால் நீ ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். கடுதாசிக்கு அப்படிக் காட்ட முடியாது பார், அதனால்தான் இந்தத் தபால் செலவு.

என் தொழில் ஓடுகிறது. இந்தப் பக்கம் பாதிப் பெண்கள் நான் தைத்த நைட்டியில்தான் குழாயடிச் சண்டை போடுகிறார்கள். சண்டையில் தையல் பிரிந்ததாக இதுவரை புகார் இல்லை.

முக்கியமான சேதி: நீ பிரபலமாகிவிட்டாய். குழந்தைகள் பாதுகாப்பு என்று ஒரு தொண்டு நிறுவனத்தார் போன வாரம் வீடு வீடாக வந்தார்கள். கையில் உன் ஆராய்ச்சிக் கேள்விகள், அடியில் உன் பெயர்! “யசோதராவா? எங்க தோஸ்து சார்! நாலாங்கிளாஸ்ல என் பக்கத்துல குந்திகினு மூக்கு ஒழுகினவ!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, டீயும் போட்டேன்.

பக்கத்து வீட்டு ஆலிஸை உனக்குத் தெரியாது. நீ வெளிநாடு போன பிறகு வந்தவள். புருஷன் செத்துப்போனான். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறாள். விடியுமுன்னே கிளம்ப வேண்டும் என்பதால் அவள் மகள் சாரா, ஏழு வயது, ராத்திரி என் வீட்டில் படுப்பாள். உன் கேள்வியில் ஒன்று: குழந்தை இரவில் எந்த வீட்டில் தூங்குகிறது? “ஜெரினாம்மா வூட்ல” என்றது குட்டி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? “அவ அம்மாவுக்கு மீனுதான் சார் மூத்த புள்ள. இது ரெண்டாவது” என்று எடுத்துவிட்டேன். ஆலிஸே சிரித்தாள். வந்த ஆள் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டான். என் ஜோக்கை எழுதிக்கொண்ட முதல் மனிதன்!

துஆவுடன்,
உன் ஜெரினா

மான்செஸ்டர்
17 ஜூன் 2024

அன்புள்ள ஜெரி,

பேருந்தில் உன் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தார்.

நாங்கள் எழுதுவதில் முக்கால்வாசி அலமாரியிலேயே செத்துப்போகும். என்னுடையது ராயபுரத்துச் சந்துக்குள் நடந்து போயிருக்கிறது என்றால், எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்!

ஒரு உதவி. முழுப் பேராசிரியர் பதவிக்கு என் பெயரும் போயிருக்கிறது. உன் ஆய்வால் யாருடைய வாழ்க்கையிலாவது ஏதாவது மாறியதா என்று கேட்கிறார்கள். அதற்குத் தாக்கம் என்று பெயர். அங்கே வாழ்கிறவர் ஒருவர் கையெழுத்திட்ட சான்று இருந்தால் பலம். ஆகஸ்ட் முடிவதற்குள் எழுதித் தருவாயா? நகைச்சுவை மட்டும் வேண்டாம், தாயே!

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
யசோ

ராயபுரம்
1 ஜூலை 2024

யசோ,

தபாலுக்கு நேரமில்லை. இதை என் அக்கா மகன் தௌசீஃப் படமெடுத்து அனுப்புகிறான்.

நீ கேட்ட தாக்கம் வந்துவிட்டது. சனிக்கிழமை சாராவை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு இல்லத்தில் வைத்துவிட்டார்கள். பெற்றவளை விட்டு, உறவில்லாத வீட்டில் தூங்குகிற குழந்தை உன் அளவுகோல்படி மிகுந்த ஆபத்தில் இருக்கிறதாம். என் ஜோக்கும் அவர்கள் அறிக்கையில் இருக்கிறது: ‘தாய், குழந்தையைவிடத் தொழிலுக்கே முதலிடம் தருவதாக அண்டை வீட்டார் தெரிவித்தார்.’ அந்த அண்டை வீட்டார் நான்தான். என் பேச்சைச் சுத்தமான தமிழில் போட்டால் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆலிஸ் என்மேல் பாயவில்லை. பாய்ந்திருக்கலாம். “இன்னாக்கா, நீ தமாசுக்குத்தானே சொன்ன? அவங்கள்ட்ட போய் சொல்லேன்” என்கிறாள். போய்ச் சொன்னேன். “எழுதினது எழுதினதுதாம்மா” என்றார்கள்.

15ஆம் தேதி குழந்தைகள் நலக்குழு முன் விசாரணை. அம்மா மீன் எடுக்கப் போகும்போது பிள்ளை பக்கத்து வீட்டில் தூங்குவது கைவிடுவதாகாது என்று நீ ஒரு வரி எழுது. கேள்வி போட்டவளே சொன்னால் தட்டுவார்களா? நீயே எங்கள் வீட்டில் தூங்கியவள்தானே? உன் அம்மா ஆஸ்பத்திரிக்கு நைட் டியூட்டி போன நாளெல்லாம் நம் இரண்டு பேருக்கும் ஒரே போர்வை. உன்னை யாராவது வேனில் ஏற்றினார்களா?

சீக்கிரம் எழுது.

ஜெரினா

மான்செஸ்டர்
6 ஜூலை 2024

ஜெரி,

எழுதி எழுதி அழித்தேன். குழுவுக்கு என் கடிதம் போய்விட்டது: ‘ஒவ்வொரு குழந்தையின் சூழலையும் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும்.’ அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

பதவிக்காக என்று நினைப்பாய். அதுவும் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை.

ஒரே போர்வை என்றாயே. நீ படுத்ததும் தூங்கிவிடுவாய். நான் கதவைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். அம்மா திரும்பி வராவிட்டால் இவர்கள் என்னை வைத்துக்கொள்வார்களா? நிறையச் சாப்பிட்டால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று, உன் அம்மா எடுத்துவைத்த இரண்டாவது ரொட்டியை மறுத்திருக்கிறேன். உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. நீங்கள் அவ்வளவு நல்லவர்களாக இருந்ததால்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று.

அந்தக் கேள்வி அங்கேதான் பிறந்தது. அது தப்பு என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? பயமாக இருக்கிறதா என்று சாராவை நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா?

யசோ

ராயபுரம்
20 ஆகஸ்ட் 2024

யசோவுக்கு,

சாரா வந்துவிட்டாள். உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தார்கள். எங்களுக்கு ஆதரவா எதிரா என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆலிஸ் அழுததுதான் விளங்கியது. இனி இரவில் பிள்ளை தாயுடன்தான் தூங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பினார்கள்.

நீ சொன்னபடி அவளைக் கேட்டேன். “என் வூட்ல படுக்க பயமா இருந்துச்சாடி?” கொஞ்சம் யோசித்தாள். “நீ கொறட்டை வுட்டுகினு இருந்தா பயமில்ல. நிறுத்திட்டாதான் பயம்” என்றாள். அந்தப் பதிலில் பாதி உனக்கு, பாதி எனக்கு. கதை சொல்லிச் சிரிக்க வைத்து உன்னை நான்தான் தூங்க வைத்தேன் என்று இத்தனை வருடமும் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேனே, யசோ. அந்த ரொட்டியைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அம்மா உன்னை அடித்துத் தின்ன வைத்திருப்பாள்.

இப்போது ஆலிஸ் குட்டியையும் காசிமேட்டுக்குத் தூக்கிப் போகிறாள். ஏலம் முடியும்வரை ஐஸ் பெட்டிகள் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மீன் நாற்றம் என்று யாரும் அவள் பக்கத்தில் உட்காருவதில்லையாம். நேற்று அந்த எழுதுகிற ஆள் வந்தான். எங்கே தூங்குகிறாய் என்று கேட்டான். “அம்மாகூட” என்றாள். திருப்தியாகப் போனான். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

நீ கேட்ட சான்று கீழே. நகைச்சுவை எதுவும் சேர்க்கவில்லை.

‘இந்த ஆய்வுக்கு முன் எங்கள் தெருவில் சாரா என்ற குழந்தை இரவில் பக்கத்து வீட்டில் தூங்கியது. இப்போது தன் தாயுடன் தூங்குகிறது. மேற்கண்டது உண்மை என உறுதி கூறுகிறேன்.

ஜெரினா பேகம்
தையல் தொழில், ராயபுரம்’